எங்கள் மரண நேரத்திலும்: இறுதி நாள்களில் இருப்பவரைப் பராமரிக்கும் சிங்கப்பூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையைச் சொல்லி முடிப்பவர், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று ஒரே மாலையில் 53 முறை சொல்லிவிடுகிறார். அந்த நேரம் உண்மையிலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகோ, அந்தச் சொல்லை வாயில் எடுக்க அதே வீட்டில் யாருக்கும் துணிவு வருவதில்லை. எங்கள் பங்கில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் பொதுநிலைப் பணியாளன் என்ற முறையிலும், என் தந்தையை அவருடைய கடைசி நான்கு மாதங்களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒரு சிறிய அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையிலும், நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வந்தவை: செய்யவேண்டியதைத் தெரிந்தே தள்ளிப்போட்டது. என் தந்தையின் விஷயத்தில் நானும் தள்ளிப்போட்டேன். அதனால்தான் இந்த வழிகாட்டியை, எதை எப்போது செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன்.

மருந்து, அளவு, மூச்சுத்திணறல் போன்றவற்றில் உங்கள் மருத்துவரும் தாதியும் சொல்வதே இறுதியானது. நான் எழுதுவது அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள உதவினால் போதும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பழைய செபப் புத்தகங்களில் வளர்ந்தவர்கள் "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்று மூன்று புண்ணியங்களைச் சொல்வார்கள். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வாசித்து வளர்ந்தவர்களுக்கு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று அமைந்திருக்கின்றன. பாட்டியின் நம்பிக்கை பேத்திக்கு எதிர்நோக்கு; பாட்டியின் விசுவாசம் பேத்திக்கு நம்பிக்கை. மொழிபெயர்ப்பாளர்களின் விவகாரமாகத் தோன்றும் இந்தக் குழப்பம் நோயாளியின் அறைக்குள் பெரிய வேலை செய்கிறது. மருத்துவர் "இனி நம்பிக்கை இல்லை" என்கிறார். அவர் சொல்ல வந்தது, இந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்பதுதான். மகளோ "அப்படிச் சொல்லாதீர்கள் டாக்டர், எங்களுக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை இருக்கிறது" என்று பதில் சொல்கிறார். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள்.

குணமடைய வேண்டும் என்று செபிப்பதை யாரும் நிறுத்தத் தேவையில்லை. ஆனால் கத்தோலிக்க மறை கற்பிக்கும் எதிர்நோக்கு, ஸ்கேன் முடிவைச் சார்ந்தது அன்று. உயிர்த்த கிறிஸ்துவோடு இவருக்கு வாழ்வு உண்டு என்பதைச் சார்ந்தது. ஆகவே சிகிச்சை நின்ற பிறகும் அது நிலைத்திருக்க முடியும். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் ஒருவராவது முன்கூட்டியே புரிந்துவைத்திருந்தால், பின்னால் வரும் முடிவுகள் ஒவ்வொன்றிலும், "சிகிச்சையை நிறுத்துவது விசுவாசக் குறைவு" என்ற தவறான குற்ற உணர்விலிருந்து மற்றவர்களைக் காப்பாற்றலாம்.

நோயாளியிடம் உண்மையைப் பேசுதல்

நம் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் வேண்டுகோள் "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்பதே. அன்பினால் எழும் வேண்டுகோள்தான். ஆனாலும் நான் சென்ற வீடுகளில், நோயாளிக்குத் தெரியாமல் இருந்தது மிக அரிது. பெரும்பாலும் அவரும் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் நடித்துக்கொண்டிருப்பார். தோ பாயோவில் ஒரு பெரியவர், மகன் சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்து இழுத்து, "என் வெள்ளை வேட்டி அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, அதை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லுங்கள், நான் சொன்னால் அவன் அழுவான்" என்றார். மகன் தேநீரோடு திரும்பியதும் தொலைக்காட்சியில் கால்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு எது புரிந்தது? இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். அவர் கேட்க விரும்பாவிட்டால் அதை மதித்து, சில நாள்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். "அடுத்த மாதம் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வரலாம்" என்று நடக்க முடியாத ஒன்றை வாக்களித்தால், மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் அவருக்கு இருக்கும் நேரத்தை நாமே பறித்துக்கொள்கிறோம்.

அந்திமகாலப் பராமரிப்பைக் கேட்டுப் பெறுதல்

அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் என்றாலே "சாகப் போகிற இடம்" என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தப் பராமரிப்பு கத்தோலிக்க அருட்சகோதரிகளின் கைகளில் பிறந்தது என்பதை அவர்களிடம் சொல்லலாம். 1985ல் கனோசிய சகோதரிகள் செயின்ட் ஜோசப் இல்லத்தில் இறுதிநிலை நோயாளிகளுக்கென 16 படுக்கைகளை ஒதுக்கியதிலிருந்துதான் இந்நாட்டின் அந்திமகாலப் பராமரிப்பு இயக்கம் தொடங்குகிறது. மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையை நடத்திவந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் 1969ல் தொடங்கிய அசிசி இல்லம், இன்று தாம்சன் ரோட்டில் உள்நோயாளிப் பராமரிப்பு, வீட்டுப் பராமரிப்பு, பகல்நேரப் பராமரிப்பு மூன்றையும் எல்லா மதத்தினருக்கும் வழங்குகிறது. 1989ல் தொடங்கிய எச்சிஏ அமைப்பின் மருத்துவர்களும் தாதியரும் கட்டணமின்றி வீடுகளுக்கே வருகிறார்கள்.

பொதுவாக, ஆயுள் ஓர் ஆண்டு அல்லது அதற்கும் குறைவு என்று மருத்துவர் கருதும் நிலையில் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். மருத்துவர் தாமாகச் சொல்லக் காத்திருக்காமல், "வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுவுக்கு எழுதித் தர முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். கடைசி வாரத்தில் சேர்வதைவிடக் கடைசி மாதங்களில் சேர்ந்தால், நோயாளியை நன்கு அறிந்த தாதி ஒருவர் இரவில் தொலைபேசியில் இருப்பார். 2022ல் சிங்கப்பூரில் நிகழ்ந்த மரணங்களில் 61 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தன என்றும், அதை 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க எண்ணுவதாகவும் சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. வீட்டில் இறக்க விரும்புவோர் பலர். ஏற்பாடு செய்து வைப்போர் சிலர் என்பதுதான் அந்த இடைவெளி.

தாள்களும் மனச்சான்றும்

மூன்று ஏற்பாடுகளை மக்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்பது, எனக்கு எது முக்கியம், எங்கே இருக்க விரும்புகிறேன், என் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசிப் பதிவுசெய்யும் உரையாடல். எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம், மனத்திறன் இழக்கும் நிலையில் நம் நலனையும் சொத்தையும் கவனிக்க ஒருவருக்கு அதிகாரம் தருவது. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவரும் தீர்மானிக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்யப்படும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். அதன்மூலம் ஒருவர், இறுதிநிலையில் "அசாதாரண" உயிர்நீட்டிப்புச் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று அறிவிக்கிறார்.

கத்தோலிக்கர் ஒருவர் அதில் கையெழுத்திடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். அந்தச் சட்டம் கருணைக்கொலைக்கு இடம் தருவதில்லை. மரணம் இயல்பாக நிகழ விடுவதற்கும் அதைத் துரிதப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அதுவே குறிப்பிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2278ஆம் பத்தியில், பெருஞ்சுமையான, ஆபத்தான, அசாதாரணமான, எதிர்பார்க்கும் பயனுக்குப் பொருந்தாத சிகிச்சைகளை நிறுத்துவது முறையாகலாம் என்கிறது. அவ்வாறு நிறுத்துபவர் மரணத்தை நாடவில்லை, அதைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்கிறார். ஆகவே கையெழுத்திடுவது பாவமன்று. இருந்தாலும் என் சொந்தக் கருத்தைக் கேட்டால், உத்தரவைவிட உரையாடலையே முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு வரி உத்தரவால் முன்னறிய முடியாத சூழல்களே அதிகம் வருகின்றன.

உணவும் நீரும் குறித்துத் திருச்சபை கூடுதல் எச்சரிக்கை காட்டுகிறது. குழாய்வழி தரப்படும்போதும் அவை அடிப்படைப் பராமரிப்பே என்பது பொது விதி. உடல் அவற்றை ஏற்கும் திறனை இழந்துவிட்டால், அல்லது அவையே துன்பமாகிவிட்டால், அந்தக் கடமை நின்றுவிடுகிறது என்பதை 2020ல் வத்திக்கான் வெளியிட்ட, நல்ல சமாரியரின் பெயரைத் தாங்கிய மடல் விளக்குகிறது. இறக்கும் தறுவாயில் இருப்பவர் சாப்பிடாததால் இறப்பதில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடுவதில்லை. தாய்மார்களுக்கு இதை ஏற்பது கடினம். "ஒரு வாய் கஞ்சியாவது" என்று வற்புறுத்தி ஊட்டுவது மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம்.

மார்ஃபினைப் பற்றிய அச்சம் இன்னொன்று. மருத்துவர் வலிக்கேற்ப அளவிட்டுத் தரும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. 1957லேயே திருத்தந்தை 12ஆம் பயஸ், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு மருந்து தருவது, அதன் பக்கவிளைவாக ஆயுள் குறையக்கூடும் என்றாலும், முறையானதே என்று மயக்கவியல் மருத்துவர்களிடம் கூறினார். துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க விரும்புபவர் ஒப்புக்கொடுக்கட்டும். ஆனால் அது அவருடைய தெரிவாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அவருக்காக எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது. மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியையும் கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கலால் படும் வேதனை, பல நேரங்களில் நோயின் வலியைவிட மோசமானது.

சாமியைக் கூப்பிடும் நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை வாசிக்க நேரமிருந்தால், இதை வாசியுங்கள்.

நோயுற்றவருக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனத்தைப் பெரியவர்கள் "அவஸ்தை பூசுதல்" என்று அழைத்தார்கள். கடைசி மூச்சுக்குச் சற்று முன் சாமி (குரு) வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போவது என்ற படிமம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் இதை "நோயில்பூசுதல்" என்று அழைப்பதே பொருத்தம் என்றும், மரண விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. நோயினாலோ முதுமையினாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே பெறலாம்; நிலைமை மோசமானால் மீண்டும் பெறலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் கேட்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், "சாமியைப் பார்த்தால் அப்பா பயந்துவிடுவார்" என்ற வாக்கியம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

நானும் அதைச் சொன்னவன்தான். என் தந்தை பேசக்கூடிய நிலையில் இருந்த ஆறு வாரங்களை வீணாக்கிவிட்டு, அவர் கண் திறக்காத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் பங்குத்தந்தையை அழைத்தேன். அவர் வந்தார், பூசினார். நினைவிழந்தவருக்கும், நினைவோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்றால், இந்த அருட்சாதனம் உண்டு. ஆனால் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்ய என் தந்தையால் இயலவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பேசாத தம் அண்ணனைப் பற்றி அவர் யாரிடமாவது எதையாவது சொல்ல விரும்பினாரா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

வரிசை இதுதான்: முதலில் ஒப்புரவு, பின் நோயில்பூசுதல், அதன் பின் நற்கருணை. மரணம் நெருங்கியவருக்குத் தரப்படும் நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர். இறக்கும் கிறிஸ்தவருக்குரிய இறுதி அருட்சாதனம் திருச்சபையின் பார்வையில் உண்மையில் இதுவே, எண்ணெய் அன்று. ஒப்புரவையும் பூசுதலையும் குருவே செய்ய முடியும். வழியுணவை, தேவைப்பட்டால், என்னைப்போன்ற பொதுநிலைப் பணியாளரும் கொண்டுவரலாம். நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. விழுங்க இயலாதவருக்கு அப்பத்தின் மிகச் சிறிய துணுக்கைத் தரலாமா என்று வருபவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

அறையைத் தயார் செய்வது எளிது. படுக்கைக்கு அருகில் ஒரு சிறிய மேசை, அதன்மேல் சுத்தமான வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், தீர்த்தம், ஒரு குவளைத் தண்ணீரும் கரண்டியும், கை துடைக்கக் கைக்குட்டை. மெழுகுவர்த்தி வைப்பது வழக்கம். ஆனால் அறையில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடினால் எரியும் திரி எதுவும் கூடாது, சாம்பிராணியும் கூடாது. மின்கல விளக்கு வையுங்கள், ஆண்டவர் குறை சொல்லமாட்டார். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். ஒப்புரவுக்காகக் குரு சைகை காட்டியதும், பணிப்பெண் உட்பட எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். வீவக வீட்டின் சுவர்கள் மெல்லியவை என்பதால் கூடத்தில் இருப்பவர்கள் சற்று உரக்கவே செபமாலை சொல்லலாம். குரு நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்போது குடும்பத்தார் சூழ்ந்து நிற்கலாம், நிற்க வேண்டும். யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்று சொல்லும் பகுதியை, வீட்டில் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்தால், மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கர் என்று பதிய வையுங்கள். தாதியிடம் கேட்டும், பங்கு அலுவலகத்தை நேரடியாக அழைத்தும் குருவை வரவழைக்கலாம். தமிழில் ஒப்புரவு செய்ய விரும்புபவர்கள் ஆஃபிர் ரோட்டிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தைக் கேளுங்கள். 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. உலக நோயாளர் நாளாகத் திருச்சபை கொண்டாடும் பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளும் ஆகும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலத் திருப்பலிக்குப் போனவர்களும் இறுதி நாள்களில் குழந்தைப் பருவச் செபங்களுக்குத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக, "அருள் நிறைந்த மரியே", "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே", பாவங்களுக்காக வருந்தும் உத்தம மனஸ்தாப முயற்சி ஆகியவற்றை ரோமன் எழுத்தில் பெரிதாக அச்சிட்டு, படுக்கையின் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். பிலிப்பீன்ஸிலிருந்து வந்த எங்கள் பணிப்பெண் அந்தத் தாளைப் பார்த்துத்தான் என் தந்தைக்குத் தமிழில் செபமாலை சொல்லக் கற்றுக்கொண்டார். "மரண நேரத்திலும்" என்பதை "மரணே நேரத்திலும்" என்றே கடைசிவரை சொன்னார். என் தந்தை ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

குரு வந்து சேர முடியாமல் போனால் கலங்க வேண்டாம். வாழ்நாளில் ஏதேனும் செபங்களைச் சொல்லும் வழக்கம் உடையவராய், தகுந்த மனநிலையோடு இறப்பவருக்குத் திருச்சபை அந்த நேரத்திலேயே நிறைவுப் பலன் (பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) அளிக்கிறது. கையில் சிலுவையைக் கொடுப்பது பரிந்துரைக்கப்படுகிறது. அவருடைய காதருகே உத்தம மனஸ்தாப முயற்சியை மெதுவாகச் சொல்லுங்கள்.

உடலைக் கவனித்தல்

செபம் நடக்கும் அறையில் வாய் வறண்டு கிடந்தால் எங்கோ தவறிவிட்டோம். கடைசி நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, ஈரப் பஞ்சுக் குச்சியால் உதட்டையும் ஈறையும் நாவையும் துடைத்து, உதட்டில் சிறிது வாஸலின் தடவுங்கள். ஒரே பக்கமாகப் படுக்க விடாமல் தலையணை வைத்துத் திருப்புங்கள். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதைத் தாதி சொல்வார். திருப்புவதற்கு முன், அவர் பதில் பேசாவிட்டாலும், "அப்பா, இப்போது உங்களைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்புங்கள். கேட்கும் திறன் கடைசிவரை எஞ்சியிருக்கக்கூடும். அந்த அறையில் நின்று இறுதிச் சடங்குச் செலவைப் பேசாதீர்கள்.

உறவினர்கள் வந்து கடைசியாகப் பால் ஊற்ற விரும்புவார்கள். நம் கத்தோலிக்க வீடுகளில் அதுவே லூர்துத் தீர்த்தமாக மாறியிருக்கும். விழுங்க முடியாதவரின் வாயில் ஊற்றும் ஒரு கரண்டி நீர் அவரைத் திணறடிக்கும். ஊற்றுவதற்குப் பதிலாகப் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள். மறுத்துச் சண்டையிடுவதைவிட, நனைத்த பஞ்சை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

வேற்று மதத்து உறவுகள்

சிங்கப்பூரில் முழுக்கக் கத்தோலிக்கமான தமிழ்க் குடும்பம் அரிது. ஒரு மாமா விபூதி எடுத்து வருவார், ஒரு சித்தி தேவாரம் பாட நினைப்பார். நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டு, ஒருவரைப் பொறுப்பாக்கி, மற்றவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். கட்டிலருகே நடக்கும் மதத் தகராற்றைப்போல் நோயாளியை வதைப்பது வேறொன்றில்லை.

மறுபக்கமும் உண்டு: கத்தோலிக்க மகள், இந்துவான தன் தாய்க்குத் திருமுழுக்குத் தர விரும்புவது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் வளர்ந்தவர் ஒருவர் அதை விரும்பியிருக்க வேண்டும். தூங்கும் தாயின் தலையில் இரகசியமாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம் நான் மறுத்திருக்கிறேன். அவருக்காகச் செபிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசி மணிநேரங்கள்

பெரும்பாலான நேரம் உறக்கம், கைகால்களில் குளிர்ச்சி, தோலில் ஊதாத் திட்டுகள், நின்று நின்று வரும் மூச்சு, தொண்டையில் கரகரப்பு: இவை வழக்கமாகக் காணப்படும் அறிகுறிகள். கரகரப்பு கேட்பவர்களுக்கு வேதனை. நினைவிழந்த நோயாளிக்கு அது துன்பம் தருவதாக மருத்துவர்கள் கருதுவதில்லை. தலையைச் சற்று உயர்த்தி ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். குழுவின் இரவு எண்ணை அழையுங்கள். மருத்துவமனையில் இருப்பவர் வீட்டில் இறக்க விரும்பினால், கருணை அடிப்படையில் விரைந்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டா என்று வார்டு மருத்துவரிடம் கேளுங்கள். மணிக்கணக்கில்கூட அது நடந்திருக்கிறது.

எதிர்பார்த்த மரணம் என்றால், பதற்றத்தில் 995 அவசர மருத்துவ வண்டியை அழைப்பதா இல்லையா என்பதை முன்பே குழுவோடு பேசி முடிவுசெய்து, அந்த முடிவைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். அழைத்தால் வருபவர்கள் உயிர்ப்பிக்க முயல்வார்கள். அது அவர்கள் கடமை.

குரு இல்லாவிட்டாலும் இறப்போருக்கான செபங்களைக் குடும்பத்தார் சொல்லலாம். புனிதர்களின் மன்றாட்டு மாலை, நல்மரணத்தின் பாதுகாவலரான சூசையப்பருக்கான செபம், இந்த உலகைவிட்டுப் புறப்படுமாறு கிறிஸ்தவ ஆன்மாவை அனுப்பிவைக்கும் பழைமையான செபம் ஆகியவை அவற்றில் சில. நீளமான செபங்களைவிட, "இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" போன்ற ஒற்றை வரிகள், அவருடைய மூச்சின் வேகத்துக்கு ஏற்ப, நடுவே மௌனம் விட்டுச் சொல்லப்படும்போது பொருந்துகின்றன. யாராவது ஒருவர் கையைப் பிடித்திருக்கட்டும். நீங்கள் காப்பி குடிக்க எழுந்த ஐந்து நிமிடத்தில் அவர் போய்விட்டால், அது உங்கள் தவறன்று. அப்படிப் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மூச்சு நின்ற பிறகு

அவசரம் எதுவும் இல்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கண்களை மூடுங்கள், ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். பிறகு வீட்டுப் பராமரிப்புக் குழுவையோ குடும்ப மருத்துவரையோ அழைத்து மரணத்தை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். 2022 மே 29 முதல், மருத்துவர் சான்றளித்ததுமே மரணம் தானாகப் பதிவாகிவிடுகிறது. மின்னிலக்க மரணச் சான்றிதழை 30 நாள்களுக்குள் அரசாங்கத்தின் மை லெகசி இணையத்தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். காரணத்தை மருத்துவரால் சான்றளிக்க முடியாவிட்டால் விஷயம் காவல்துறையிடம் போகும், உடல் பிணவறைக்குச் செல்லும். குழுவில் முன்கூட்டியே சேர்ந்திருப்பதன் இன்னொரு பயன் இந்த அலைச்சலைத் தவிர்ப்பது. மத்திய சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது, நியமனம் தனியாக வேண்டும் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைக்க நகர மன்றத்தின் அனுமதியை இறுதிச் சடங்கு நிறுவனமே பெற்றுத் தரும். அடக்கத் திருப்பலியின் நேரத்தைப் பங்கு அலுவலகத்தோடு உறுதிசெய்த பிறகே மண்டாய் தகனச்சாலையிலோ சுவா சூ காங் கல்லறையிலோ நேரம் குறியுங்கள். தலைகீழாகச் செய்து அல்லாடிய குடும்பங்கள் உண்டு. சுவா சூ காங்கில் அடக்கம் 15 ஆண்டுகளுக்கு மட்டுமே. தகனத்தைத் திருச்சபை 1963ல் அனுமதித்தது. ஆனால் 2016ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி அஸ்தியைக் கடலில் கரைக்கவோ, தூவவோ, பிள்ளைகளுக்குள் பங்கிடவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். புக்கிட் பாத்தோக்கின் தூதர்களின் அன்னை ஆலயம் உட்படச் சில ஆலயங்களில் அஸ்தி மாடங்கள் உள்ளன.

மீந்த மார்ஃபினைத் தாதியிடமோ மருந்தகத்திடமோ ஒப்படையுங்கள், வீட்டில் வைக்காதீர்கள். வாடகைக் கட்டிலை உடனே திருப்பி அனுப்பத் தோன்றும். இரண்டு நாள் பொறுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. இரவெல்லாம் விழித்த பணிப்பெண்ணுக்கு விடுப்பு கொடுங்கள்; துக்கம் அவருக்கும் உண்டு. ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலிகளுக்கான கருத்துகளை (யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதை) அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், கல்லறைத் திருநாளுக்கு நவம்பரில் பெயர் கொடுக்க மறக்காதீர்கள். தலைமாட்டில் ஒட்டியிருந்த ரோமன் எழுத்துத் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். ஏழாம் நாள் இரவுச் செபத்துக்குப் பேரப்பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள்.